உலக மாசுக்கு எந்த நாடுகள் பொறுப்பு? விவாத மேடைக்குத் தயாராக ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி விவாதப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். "உலக மாசுக்கு எந்த நாடுகள் பொறுப்பு?" என்ற தலைப்பு ஏதாவது ஒரு வடிவில் ஆண்டுதோறும் வந்துவிடும். முதல் ஒத்திகையில் நடப்பதும் ஆண்டுதோறும் ஒன்றுதான். ஓர் அணி சீனா முதலிடத்தில் இருக்கும் பட்டியலை நீட்டும். எதிரணி அமெரிக்கா முதலிடத்தில் இருக்கும் பட்டியலை நீட்டும். இரண்டுமே சரியான பட்டியல்கள் என்பதால் யாரும் யாரையும் மடக்க முடியாது. குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

கீழே உள்ள படிகள் அந்த இரைச்சலைத் தவிர்ப்பதற்காக வகுத்தவை. வரிசையை மாற்றாதீர்கள். புள்ளிவிவரத்தை முதலில் தேடுகிறவர்கள் கண்ணில் பட்ட முதல் எண்ணிடம் தங்கள் வாதத்தை அடகு வைத்துவிடுகிறார்கள். அதை மீட்க மேடையில் நேரம் கிடைக்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது பத்து நாட்கள், ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், பதினைந்து வெற்று அட்டைகள். இவற்றோடு, உங்கள் கருத்தை வேண்டுமென்றே எதிர்த்துப் பேசச் சம்மதிக்கும் ஒரு நண்பரும் வேண்டும். இந்தக் கடைசிப் பொருள்தான் கிடைப்பது அரிது.

புள்ளிவிவரத்துக்கு ஒரே ஒரு மூலத்தைத் தேர்ந்தெடுங்கள். குளோபல் கார்பன் புராஜெக்ட் என்ற ஆய்வாளர் குழு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு போதுமானது. அதையே எளிய வரைபடங்களாக "அவர் வேர்ல்டு இன் டேட்டா" (Our World in Data) என்ற தளத்தில் பார்க்கலாம். நான்கு மூலங்களிலிருந்து நான்கு எண்களைப் பொறுக்கினால், ஒன்றில் சிமென்ட் ஆலை சேர்ந்திருக்கும், இன்னொன்றில் காடழிப்பு சேர்ந்திருக்கும், மூன்றாவதில் மீத்தேனும் கலந்திருக்கும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது படியையும் லிட்டரையும் ஒரே கணக்கில் கூட்டுவது போல ஆகும்.

1. எந்த மாசு என்று முதலில் வரையறுங்கள்

"மாசு" என்ற சொல் தாராளமானது. டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டம் மாசு. கடலில் மிதக்கும் நெகிழி மாசு. நிலக்கரி எரிவதால் எழும் கார்பன் டை ஆக்சைடும் மாசுக் கணக்கில் வருகிறது. இந்த மூன்றுக்கும் பொறுப்பாளி ஒருவர் அல்லர்.

டெல்லியின் நுண்துகள்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில் எழுந்து, அங்குள்ளவர்களின் நுரையீரலிலேயே இறங்குகின்றன. மழையோ காற்றோ வந்தால் சில நாட்களில் குறைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. மான்செஸ்டரில் எழுந்ததும் ஷாங்காயில் எழுந்ததும் ஒரே வளிமண்டலத்தில் கலந்துவிடுகின்றன. அதில் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கிவிடுகிறது. தாத்தா காலத்துப் புகை இன்றும் தலைக்கு மேல் இருப்பதால்தான் "எந்த நாடு" என்ற கேள்விக்கு வரலாற்று ஆழம் வருகிறது.

ஆகவே தலைப்பில் வேறு குறிப்பு இல்லையென்றால், பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுங்குடில் வாயுக்களை, அதிலும் குறிப்பாகக் கார்பன் டை ஆக்சைடை, எடுத்துக்கொள்வதாக முதல் நிமிடத்திலேயே அறிவித்துவிடுங்கள். இந்த வழிகாட்டியும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது.

இங்கே வழக்கமாக நேரும் தவறு: பருவநிலை பற்றிப் பேசிக்கொண்டே டெல்லியின் காற்றுத் தரக் குறியீட்டைச் சான்றாகக் காட்டுவது. அந்தக் குறியீட்டில் கார்பன் டை ஆக்சைடே இடம்பெறுவதில்லை. விவரம் தெரிந்த நடுவர் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துவிடுவார்.

2. "பொறுப்பு" என்ற சொல்லைப் பிரித்து வையுங்கள்

தமிழில் இந்தச் சொல் இரண்டு வேலை செய்கிறது. "விபத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால் காரணமானவரைத் தேடுகிறோம். "இனி வீட்டுக்கு நீதான் பொறுப்பு" என்றால் சுமையை ஒருவர் தோளில் ஏற்றுகிறோம். இரண்டாவதில் பழி எதுவும் இல்லை. புதியவர்கள் முதல் பொருளில் தொடங்கி, பாதியில் தங்களுக்கே தெரியாமல் இரண்டாவதுக்கு வழுக்கிவிடுகிறார்கள்.

மூன்று அட்டைகளை எடுங்கள். ஒன்றில் "யார் காரணம்?", இன்னொன்றில் "யார் கடமைப்பட்டவர்?", மூன்றாவதில் "யாரால் முடியும்?" என்று எழுதுங்கள். இனி நீங்கள் சேகரிக்கும் ஒவ்வொரு சான்றையும் இந்த மூன்றில் ஒன்றின் கீழே வைக்க வேண்டும். எதன் கீழும் போகாத சான்று மேடைக்கு வேண்டாம்.

இந்தப் பிரிவினையைப் பழகுவதற்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 2021 மே மாதம் கொழும்புக் கடலுக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, பின்னர் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய நெகிழிக் குருணைகள் நீர்கொழும்பு உள்ளிட்ட மேற்குக் கரையை மூடின. மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. கப்பல் பறக்கவிட்டது சிங்கப்பூர்க் கொடி. நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்த பெட்டகத்தை இறக்கிக்கொள்ளும்படி கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசீரா துறைமுகங்களிடம் முன்பே கேட்கப்பட்டது; இரண்டும் ஏற்கவில்லை. அடிபட்டது இலங்கை. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இந்த நிகழ்வை மூன்று அட்டைகளிலும் நிரப்பச் சொல்வேன். காரணம், கடமை, இயலுமை மூன்றும் மூன்று வெவ்வேறு பெயர்களில் போய் நிற்பதைப் பார்த்த பிறகு, கார்பன் கணக்கில் அந்த மயக்கம் பெரும்பாலும் வருவதில்லை.

3. அலகைச் சரிபாருங்கள்

அலுப்பான படிதான். ஆனால் இங்கே தவறினால் மற்றவை எல்லாம் வீண்.

சில பழைய அட்டவணைகள் கார்பனின் எடையைத் தருகின்றன. மற்றவை கார்பன் டை ஆக்சைடின் எடையைத் தருகின்றன. 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அதாவது ஏறத்தாழ 3.67 மடங்கு. என் மாணவி ஒருவர் அமெரிக்காவின் தலைக்கணக்கைக் கார்பன் எடையிலும், இந்தியாவின் தலைக்கணக்கைக் கார்பன் டை ஆக்சைடு எடையிலும் எடுத்துவிட்டார். அமெரிக்கர் 4 டன், இந்தியர் 2 டன் என்று வந்தது. "வித்தியாசம் இரண்டே மடங்குதான்" என்று அவர் கம்பீரமாகச் சொல்ல, எதிரணியிலிருந்த வேதியியல் மாணவர் எழுந்து நின்றார். அதன்பிறகு அந்தச் சுற்றில் அவர் சொன்ன சரியான எண்களைக்கூட யாரும் நம்பவில்லை.

தமிழில் பேசுகிறவர்களுக்கே உரிய இன்னொரு பள்ளமும் இருக்கிறது. பில்லியன் என்பதைக் கோடி என்று எழுதிவிடுவார்கள். ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு ஜிகா டன் என்பதும் 100 கோடி டன். நோட்டின் முதல் பக்கத்தில் இதைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று குறிப்புகள் கட்டாயம்: எந்த ஆண்டு, எந்த வாயு, காடழிப்பு சேர்ந்ததா இல்லையா. காடழிப்பைச் சேர்த்தால் பிரேசிலும் இந்தோனேசியாவும் சட்டென்று மேலே ஏறிவிடும். சேர்க்காவிட்டால் அவை கண்ணிலேயே படாது.

4. ஒரே நாடுகளை நான்கு அளவுகோல்களில் எடை போடுங்கள்

தயாரிப்பில் பாதி நேரத்தை இந்தப் படிக்குக் கொடுங்கள். சீனா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா ஆகிய நான்கை இடப்பக்கம் எழுதி, நான்கு பத்திகள் (மேலிருந்து கீழாக வரும் வரிசைகள்) கொண்ட கட்டம் வரையுங்கள். கீழே வருவன படிம எரிபொருள் (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு), சிமென்ட் வழியாக வந்த கார்பன் டை ஆக்சைடு மட்டும், 2023 அளவில். காடழிப்பு சேரவில்லை.

*ஆண்டுக் கணக்கு.* உலகம் ஓராண்டில் வெளியிட்டது 3,700 கோடி டன்னுக்குச் சற்று மேல். சீனா ஏறத்தாழ 1,190 கோடி டன், உலகத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. அமெரிக்கா 490 கோடி, இந்தியா 310 கோடி, ஐரோப்பிய ஒன்றியம் 250 கோடி. இந்தப் பத்தியில் இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்தைவிட மேலே நிற்கிறது. நாளைய வெப்பநிலை யார் கையில் என்பதை இந்த அளவுகோல் காட்டும். நியாயம் பற்றி இது எதுவும் சொல்வதில்லை.

*தலைக்கணக்கு.* மேலே உள்ள எண்களை மக்கள்தொகையால் நீங்களே வகுத்துப் பாருங்கள். அட்டவணையிலிருந்து நகலெடுக்காதீர்கள், கையால் வகுத்த எண் மேடையில் மறப்பதில்லை. சீனா: 1,190 கோடியை 141 கோடிப் பேரால் வகுத்தால் 8.4 டன். அமெரிக்கா: 490 கோடியை 33.5 கோடியால் வகுத்தால் 14.6 டன். இந்தியா: 310 கோடியை 143 கோடியால் வகுத்தால் 2.2 டன். ஐரோப்பிய ஒன்றியம் ஐந்தரை டன் அளவில். உலகச் சராசரி ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. இதில் பலர் கவனிக்காமல் விடுவது, சீனர் ஒருவரின் பங்கு ஐரோப்பியரின் பங்கைத் தாண்டிவிட்டது என்பதை. "சீனா மக்கள்தொகையால்தான் பெரிய எண் காட்டுகிறது" என்ற பழைய வாதத்தை இனி எடுத்தால் அடி வாங்குவீர்கள்.

தலைக்கணக்குக்கும் ஒரு மறைவிடம் உண்டு. கத்தார் 40 டன் அளவில் பட்டியலின் உச்சியில் இருக்கிறது. உலக மொத்தத்தில் அதன் பங்கு ஒரு சதவீதத்தில் பாதிகூட இல்லை. அதே போல, 2.2 டன் என்ற இந்தியச் சராசரிக்குள் மும்பையின் அடுக்குமாடிக் குளிர்சாதன அறையும் ஜார்க்கண்டின் விறகடுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. இந்தியாவின் வசதியானவர்கள் ஏழைகளின் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று எதிரணி சொன்னால், அது பொய்யில்லை. பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

*திரண்ட கணக்கு.* தொழிற்புரட்சி முதல் இன்றுவரை வெளியிட்டதன் கூட்டுத்தொகை. அமெரிக்கா கால் பங்குக்கு அருகே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. சீனா 15 சதவீத அளவில். உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியா 4 சதவீதத்துக்கும் கீழே.

இந்த அளவுகோலின் மேல் விழும் முதல் கேள்வி, எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பது. "புகை கேடு செய்யும் என்று தெரியாத காலத்துக்கு எப்படிப் பழி சுமத்துவீர்கள்?" என்று கேட்பார்கள். பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின், அதாவது ஐபிசிசியின், முதல் மதிப்பீட்டு அறிக்கை வந்த 1990 ஐக் கோடாக வைக்கலாம் என்பது அவர்கள் தரப்பு. காடழிப்பையும் சேர்த்த அதே குழுவின் கணக்கின்படி, 1850 முதல் 2019 வரை வெளியான கார்பன் டை ஆக்சைடில் 58 சதவீதம் 1990க்கு முன்பும், 42 சதவீதம் அதற்குப் பின்பும் வெளியானது. கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பாதிக்கு மேல் கணக்கிலிருந்து மறைந்துவிடும் என்று இதற்குப் பொருள். கோடு போடுவதை நடுநிலையான செயலாக யாரும் காட்ட விடாதீர்கள்.

அறியாமை வாதத்துக்கு நம்மூரில் பழகிய பதில் ஒன்று இருக்கிறது. தகப்பன் தெரியாமல் வாங்கிய கடனானாலும், அவர் விட்டுச்சென்ற வீட்டில் குடியிருக்கிற பிள்ளை கடன்காரனை வாசலில் நிறுத்தி "எனக்கும் அதற்கும் தொடர்பில்லை" என்று சொல்ல முடியாது. ரயில் பாதைகளும் எஃகு ஆலைகளும் பல்கலைக்கழகங்களும் அந்தப் புகையில் விளைந்த சொத்துகள். ஆனால் இந்த வாதம் பழியைச் சுமத்துவதில்லை; பயனை அனுபவிப்பவரின் கடமையை மட்டுமே காட்டுகிறது. எனவே இரண்டாவது அட்டையின் கீழேதான் இதை வைக்க வேண்டும்.

காலனி ஆட்சி இன்னொரு முடிச்சு. காப்பிக்கும் தேயிலைக்கும் இலங்கையின் மலைக்காடுகள் வெட்டப்பட்டது பிரிட்டிஷ் ஆட்சியில். அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய மலையகத் தமிழர்கள். அந்தக் காடு அழிந்ததால் எழுந்த கார்பன் யார் பெயரில் எழுதப்பட வேண்டும்? எல்லையை வைத்து எழுதினால் இலங்கை, ஆண்டவரை வைத்து எழுதினால் பிரிட்டன். இப்படி மாற்றி எழுதும் கணக்கில் பிரிட்டன், நெதர்லாந்து ஆகியவற்றின் பங்கு கணிசமாக உயர்கிறது. வலுவான வாதம்தான், ஆனால் விளக்க நேரம் பிடிக்கும். ஆறு நிமிடப் பேச்சில் இதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

*நுகர்வுக் கணக்கு.* திருப்பூரில் தைத்த பனியனை ஜெர்மனியில் ஒருவர் அணிகிறார். சாயப்பட்டறையும் மின்சாரமும் வெளியிட்ட புகை இந்தியாவின் பெயரில் எழுதப்படுகிறது. அதை அணிந்தவர் பெயரில் எழுதினால் என்ன ஆகும் என்பதே நான்காவது பத்தி. சீனா, இந்தியா இரண்டின் எண்களும் இதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகின்றன. அமெரிக்காவின் எண் ஏறத்தாழ அதே அளவுக்கு ஏறுகிறது. பிரிட்டனுடையது இன்னும் கூடுதலாக ஏறுகிறது.

இந்தப் பத்தியில்தான் உற்சாகம் அறிவைத் தின்றுவிடுகிறது. "சீனா வெளியிடுவதெல்லாம் மேற்குலகத்துக்காகத்தான்" என்று முழங்குவார்கள். பத்தில் ஒன்று என்பது "எல்லாம்" ஆகாது. சீனாவின் நிலக்கரியில் மிகப் பெரும்பகுதி சீனர்களின் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் எரிந்தது.

5. இப்போதுதான் உங்கள் நிலைப்பாட்டை எழுத வேண்டும்

கட்டம் நிரம்பியதும் ஒரு விஷயம் தெளிவாகும். ஒவ்வொரு பத்தியும் சொல்லாமலேயே ஒரு நியாயத்தைக் கருதிக்கொள்கிறது. ஆண்டுக் கணக்கு "நாடுகள் சமம்" என்கிறது. தலைக்கணக்கு "மனிதர்கள் சமம்" என்கிறது. திரண்ட கணக்கு "பழைய கடன் கடன்தான்" என்கிறது. நுகர்வுக் கணக்கு "அனுபவித்தவனே செலவு தர வேண்டும்" என்கிறது. எண்ணைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் எந்த நியாயத்தை ஏற்கிறீர்கள் என்பதையும், ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள். பிறகு எதிரணி உங்கள் எண்ணோடு மோத முடியாது. நியாயத்தோடுதான் மோதியாக வேண்டும்.

என் கருத்து இது. பழைய சேதத்துக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்குத் திரண்ட கணக்கே பொருத்தம். அடுத்த இருபது ஆண்டுகளில் யார் குறைப்பது என்ற கேள்விக்கு ஆண்டுக் கணக்கையும் தலைக்கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நாட்டைப் பதிலாகத் தர முயலும் அணி எங்கோ ஓரிடத்தில் எண்ணை வளைத்தாக வேண்டியிருக்கும். தலைப்பு ஒற்றைப் பெயரைக் கேட்டாலும் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் படிக்க முடியாவிட்டால் இன்னும் யோசிக்க வேண்டும்.

6. ஒப்பந்தங்களைச் சரியாகப் படியுங்கள்

நான்கைந்து ஆவணங்கள் போதும். 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. பருவநிலை மாற்றச் சட்டக மாநாட்டு ஒப்பந்தம் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்ற கொள்கையைத் தந்தது. முன்னேறிய நாடுகள் முன்னே நடக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. வளரும் நாடுகளுக்குக் கடமையே இல்லை என்று அது சொல்லவில்லை. "பொதுவான" என்ற சொல்லை விழுங்கிவிட்டு "வேறுபட்ட" என்பதை மட்டும் முழங்குவது நம் மாணவர்களின் நிரந்தர நோய்.

1997 கியோட்டோ நெறிமுறை வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் குறைப்பு இலக்கு வைத்தது. வளரும் நாடுகளுக்கு இலக்கு இல்லாத ஒப்பந்தம் வேண்டாம் என்று அமெரிக்க செனட் அதே ஆண்டில் 95க்கு 0 என்று தீர்மானம் போட்டது. அமெரிக்கா கையெழுத்திட்டும் அதை உறுதிப்படுத்தவில்லை. கனடா 2011இல் விலகுவதாக அறிவித்தது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே அறிவிக்கிறது. இலக்கை எட்டாவிட்டால் தண்டனை இல்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் பேரில் அபராதம் விதிக்கப் போவதாகப் பேசும் மாணவரை ஆண்டுக்கு ஒருவராவது சந்திக்கிறேன்.

பண விவகாரத்தில் இரண்டு செய்திகள் முக்கியம். 2009 கோபன்ஹேகனில், 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளே இடம்பெறும் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் கணக்கின்படியே அந்த இலக்கு எட்டப்பட்டது 2022இல்தான். அதிலும் பெரும்பகுதி கடன். அடுத்தது, 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் ஏற்கப்பட்ட இழப்பு, சேத நிதி. இதைச் சட்டப்படியான இழப்பீடு என்று சொல்லிவிடாதீர்கள். பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்ற தீர்மானத்திலேயே, இழப்பு, சேதம் பற்றிய பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னின்று நடத்திய முயற்சியால் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் தந்த கருத்துரையையும் படியுங்கள். பருவநிலையைக் காக்கும் கடமை நாடுகளுக்குச் சட்டப்படி உண்டு, அதை மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று அது சொன்னது. அது ஆலோசனைக் கருத்துரை. எந்த நாட்டுக்கும் எதிரான தீர்ப்பு அல்ல. மேடையில் "தீர்ப்பு" என்று சொல்லாதீர்கள்.

7. எதிரணியின் சிறந்த வாதத்தை நீங்களே எழுதுங்கள்

எதிர்த்துப் பேசச் சம்மதித்த அந்த நண்பரை இப்போது அழையுங்கள். அவர் சொல்லப்போவதில் மூன்று தவறாமல் வரும்.

ஒன்று, "நாடுகள் இல்லை, நிறுவனங்கள்தான் காரணம். நூறு நிறுவனங்கள் 71 சதவீத மாசை உண்டாக்குகின்றன." 2017இல் வந்த ஓர் அறிக்கையின் எண் இது, ஊர்வலம் வரும்போது சிதைந்துவிட்டது. அது 1988க்குப் பிந்தைய தொழில்துறைப் பசுங்குடில் வாயுக்களைப் பற்றியது. அந்த நிறுவனங்கள் தோண்டி விற்ற நிலக்கரியையும் எண்ணெயையும் வாங்கியவர்கள் எரித்த புகையும் அதில் அடக்கம். உங்கள் ஸ்கூட்டர் புகையும் அந்த 71க்குள் இருக்கிறது. மேலும் அந்தப் பட்டியலில் பல, அரசுகளுக்கே சொந்தமானவை. ஆகவே நாடுகளின் பொறுப்பு அத்தனை எளிதில் கரைந்துவிடாது.

இரண்டு, நெல். 1990இல் ஓர் அமெரிக்க ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கில் இந்தியாவும் முன்வரிசையில் வந்தது. நெல்வயலிலும் கால்நடையிலும் எழும் மீத்தேனையும் கார்ப் புகையையும் ஒரே தட்டில் வைத்ததை 1991இல் டெல்லியைச் சேர்ந்த சூழலியல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் கடுமையாக எதிர்த்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கான உமிழ்வு வேறு, ஆடம்பர உமிழ்வு வேறு என்ற பிரிவினையை அவர்கள் முன்வைத்தார்கள். தஞ்சை வயலை எடுத்துக்காட்டாகச் சொன்னால் அரங்கம் உங்களோடு வந்துவிடும். ஆனால் வளிமண்டலம் வயிற்றுப்பாட்டையும் ஆடம்பரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று எதிரணி திருப்பியடிக்கும். அப்போது இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்: காரணத்தில் வேறுபாடு இல்லை, கடமையில் உண்டு.

மூன்று, "கடந்ததைப் பேசி என்ன பயன்? சீனாவும் இந்தியாவும் இன்று குறைக்காவிட்டால் அமெரிக்கா முழுவதும் நின்றாலும் போதாது." இது உண்மை. மறுக்க முயலாதீர்கள். இந்த உண்மையால் பழைய கடன் தள்ளுபடி ஆகிவிடாது என்பதை மட்டும் காட்டுங்கள். குறைக்கச் சொல்கிறவரிடம், குறைப்பதற்கான பணத்தைக் கேட்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

8. பேச்சைக் கட்டும் வரிசை

ஆறு நிமிடப் பேச்சு என்றால்: வரையறைக்கு ஒரு நிமிடம், நீங்கள் ஏற்கும் நியாயத்துக்கு ஒன்றரை, எண்களுக்கு ஒன்றரை, எதிரணியின் வலுவான வாதத்துக்குப் பதில் ஒன்றரை, மீதி அரை நிமிடம் நேரக்காப்பாளரின் மணிக்கு. மணி எப்போதும் நினைத்ததைவிட முன்னால் அடிக்கும்.

எண்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். காதால் கேட்பவர் ஆறாவது எண்ணில் முதல் எண்ணை மறந்துவிடுவார். ஒப்பீடாக மாற்றிச் சொல்லுங்கள்: "ஓர் அமெரிக்கர் ஓராண்டில் வெளியிடுவதை வெளியிட ஆறேழு இந்தியர்கள் வேண்டும்." 14.6, 2.2 என்ற எண்களை அட்டையில் வைத்திருங்கள். கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

உணர்ச்சியைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். முதல் நிமிடத்திலேயே மூழ்கும் தீவுகளைப் பற்றிக் குரல் தழுதழுத்தால், பின்னால் வரும் கணக்கைக் கேட்க யாரும் தயாராக இருப்பதில்லை.

9. மறுப்புரையில் கேட்க வேண்டியவை

எதிரணி எண் சொன்னதும் மூன்று கேள்விகள்: எந்த ஆண்டு? எந்த வாயு? எந்த அளவுகோல்? மரியாதையாகக் கேளுங்கள், "நண்பர் தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும்" என்ற தொனியில். பாதிப் பேருக்குப் பதில் இருக்காது.

பதில் சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். "ஆண்டுக் கணக்கில் சீனா முதலிடம் என்பதை ஏற்கிறோம்" என்று சொல்லிவிட்டு, "ஆனால் இழப்பீட்டுக் கேள்விக்கு அந்த அளவுகோல் ஏன் பொருந்தும் என்பதை நண்பர் சொல்லவில்லை" என்று தொடருங்கள். ஒப்புக்கொள்வதைத் தோல்வியாக நினைத்து, சரியான எண்ணையே பொய் என்று வாதாடித் தோற்ற அணிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேசப்பற்றை மறுப்புரையில் கலக்காதீர்கள். இந்தியாவின் பங்கு குறைவு என்பதைச் சொல்வது வாதம். இந்தியா தவறே செய்யாத நாடு என்பது கைதட்டலுக்கான வசனம். நடுவர் இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்தவர்.

10. போட்டி முடிந்த பிறகு

அன்று மாலையே, பதில் சொல்ல முடியாமல் நின்ற கேள்விகளை அதே நோட்டில் எழுதிவிடுங்கள். மறுநாள் அவை நினைவில் இருக்காது. குளோபல் கார்பன் புராஜெக்டின் புதிய கணக்கு பெரும்பாலும் நவம்பரில், ஐ.நா. பருவநிலை மாநாடு நடக்கும் நாட்களில் வெளியாகும். அது வந்ததும் நான்காவது படியின் கட்டத்தைப் புதிய எண்களோடு மறுபடி வரையுங்கள். பழைய கட்டத்தைக் கிழிக்க வேண்டாம். எந்தப் பத்தியில் எந்த நாடு இடம் மாறியது என்பதைப் பார்க்க அது தேவைப்படும்.